யானை காட்டுற டிரைவர்

டூரிஸ்ட் வண்டி ஓட்டுகிறவனுக்குச் சம்பளத்தைவிட பேட்டா பெரிது. பேட்டாவைவிடப் பெரிது, கடைசியில் இறங்கும்போது கையில் வைத்து அழுத்துகிற நோட்டு. அது ஐம்பதா ஐந்நூறா என்பது எதைப் பொறுத்தது? கொண்டை ஊசி வளைவுகளில் ஒருத்தரும் வாந்தி எடுக்காமல் கொண்டுபோய்ச் சேர்த்ததற்கு யாரும் கூடுதலாகக் கொடுத்து நான் பார்த்ததில்லை. யானை வந்திருந்தால் கொடுப்பார்கள். போடி ஸ்டாண்டில் எந்த டிரைவரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்.

என் சுற்று இதுதான். போடிநாயக்கனூரில் ஆட்களை ஏற்றி, கேரளா பெர்மிட் போட்டு, போடிமெட்டின் 17 வளைவுகளையும் ஏறி, பூப்பாறை, ஆனையிறங்கல், தேவிகுளம் வழியாக மூணாறு. ஒரு ராத்திரி தங்கல். மறுநாள் ராஜமலை, அங்கிருந்து மறையூர், சின்னாறு, உடுமலை. பழனியில் முருகனைப் பார்த்துவிட்டு ஊர் திரும்புவது. மலையும் ஆச்சு, சாமியும் ஆச்சு என்று குடும்பத்தோடு வருகிறவர்கள் இதைத்தான் விரும்பிக் கேட்பார்கள். காலையில் ராஜமலையில் ஸ்வெட்டர் போட்ட அதே ஆட்கள், மத்தியானம் சின்னாறில் ஏசியைக் கூட்டச் சொல்வார்கள். மேகமெல்லாம் மேற்கே கொட்டித் தீர்த்துவிடுவதால் மலைக்குப் பின்னால் இருக்கும் சின்னாறுக்கு வந்து சேருவது கொஞ்சம் மழைதான். தேயிலையில் தொடங்கி முள்ளுக்காட்டில் முடிகிற இந்த இறக்கம் எனக்கு இன்னும் அலுக்கவில்லை.

டிராவல்ஸ்காரர்கள் அடிக்கும் நோட்டீஸில் யானைப் படம் இல்லாமல் இருக்காது. ‘வனவிலங்குகளைக் கண்டு களிக்கலாம்’ என்று ஒரு வரியும் போட்டுவிடுவார்கள். அந்த வரிக்குப் பதில் சொல்ல வேண்டியவன் டிரைவர். பூப்பாறை தாண்டும்போதே ஆரம்பித்துவிடும். ‘அண்ணே, எங்கண்ணே யானை?’

2023க்கு அப்புறம் இது இன்னும் கூடிப்போனது. எல்லாம் அரிசிக்கொம்பன் புண்ணியம். சின்னக்கானல் பக்கம் ரேஷன் கடைகளை உடைத்து அரிசி தின்று பழகிய யானையை, அந்த வருஷம் ஏப்ரல் 29ஆம் தேதி மயக்க ஊசி போட்டுப் பிடித்துப் பெரியாறு புலிகள் காப்பகத்தில் கொண்டுபோய் விட்டார்கள். ஒரு மாதம் ஆகவில்லை, மே 27 அன்று அது கம்பம் ஊருக்குள்ளேயே இறங்கி நடந்தது. ஊரில் 144 போட்டார்கள். ஜூன் 5 அன்று நம் வனத்துறை பிடித்து, களக்காடு முண்டந்துறைப் பக்கம் மேல்காட்டில் கொண்டுபோய் விட்டது. இதெல்லாம் டிவியில் பார்த்தவர்கள், சின்னக்கானல் என்று போர்டைப் பார்த்ததும் ‘இங்கதானே அது இருந்துச்சு?’ என்று கண்ணாடியை இறக்குவார்கள். தேனி மாவட்டத்துக்காரனான எனக்கு அந்த நாட்களில் கம்பத்தில் இருந்த சொந்தக்காரர்கள் போன் பண்ணிப் பயந்ததுதான் ஞாபகம் வரும். சொன்னால் கேட்க மாட்டார்கள், அவர்களுக்குக் கதை வேண்டும். சரி, கதையாகவே சொல்லிக்கொண்டு போவேன்.

மூணாறில் படையப்பா என்று ஒரு வயசான கொம்பன் உண்டு. எஸ்டேட் ஆட்களுக்கு அதைத் தெரியும், அதற்கும் அவர்களைத் தெரியும் என்றுதான் சொல்ல வேண்டும். வண்டியை ஒட்டிக் கொண்டுபோய் நிறுத்துவது, ஹாரன் அடிப்பது, லைட்டை அடித்து அடித்து அணைப்பது என்று அதையும் சீண்டுகிறவர்கள் இருக்கிறார்கள். டூரிஸ்ட்டுகளுக்கு வேடிக்கை காட்ட இப்படிச் செய்ததற்கு வனத்துறை வழக்குப் போட்டதும் உண்டு. எனக்கு அந்த டிரைவர்கள் மேல் கோபம் உண்டு. ஆனால் அவர்களை அங்கே தள்ளுவது எது என்றும் தெரியும். நான் முதலில் சொன்ன நோட்டுதான்.

மேலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம், ஏப்ரல் கடைசியில், மதுரையிலிருந்து காலை ரயிலில் வந்து போடியில் இறங்கினார்கள். (மறுபடி ரயில் வந்ததே எங்கள் ஊருக்குப் பெரிய விஷயம். அகலப் பாதை போடுகிறோம் என்று நிறுத்தியது, 2023 ஜூனில்தான் திரும்பவும் ஓடியது.) அப்பா ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறவர். அவர் மனைவி, பத்தாவது போகப்போகும் பையன், ஒண்ணாம் வகுப்பு முடித்த பாப்பா, புதுசாகக் கல்யாணம் ஆன சித்தப்பா, சித்தி. அப்புறம் அப்பத்தா. பழைய இன்னோவாவில் என்னையும் சேர்த்து எட்டுப் பேர். சித்தப்பா கழுத்தில் பெரிய லென்ஸ் போட்ட கேமரா. இப்படிக் கேமரா தொங்கினால் நான் கதவுகளின் சென்டர் லாக்கை ஒரு தடவை சோதித்துக்கொள்வேன். தொழில் பழக்கம்.

ராஜமலைக்கு நம் வண்டி போகாது. அஞ்சாம் மைலில் நிறுத்திவிட வேண்டும், மேலே வனத்துறை பஸ்தான் கூட்டிப்போகும். அதனால் டிரைவர்கள் கீழேயே டீ குடித்துக்கொண்டு கிடப்போம். அவர்கள் இறங்கி வந்தபோது சித்தப்பா முகம் தொங்கியிருந்தது.

‘என்னண்ணே, ஆடு மேயுது. இதுக்கா இவ்வளவு நேரம் க்யூவுல நின்னோம்?’

இதை நான் நிறையக் கேட்டிருக்கிறேன். வரையாடு நம் தமிழ்நாட்டின் மாநில விலங்கு என்பது பாதிப் பேருக்குத் தெரியாது. மேற்குத் தொடர்ச்சி மலையில், தமிழ்நாடும் கேரளமும் சேர்ந்த இந்த உச்சிகளை விட்டால் உலகத்தில் வேறெங்கும் காட்டில் கிடையாது. அதைக் காப்பாற்றத்தான் இந்த ராஜமலை இருக்கிற இரவிகுளத்தை 1978இல் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். மொத்தம் 97 சதுர கிலோமீட்டர், ஆனைமுடியும் அதற்குள்ளேதான் வரும். பிப்ரவரி, மார்ச்சில் குட்டி போடும் காலம் என்று பூங்காவையே மூடிவிடுவார்கள். அந்த ரெண்டு மாதம் எங்களுக்கு வருமானம் குறையும், இருந்தாலும் அந்த ஏற்பாட்டில் எனக்குக் குறையே இல்லை. ஏப்ரலில் திறக்கும்போது குட்டிகள் பாறை மேல் துள்ளிக்கொண்டிருக்கும். 2022 டிசம்பரில் தமிழ்நாடு அரசும் வரையாட்டுக்கென்று 25 கோடி ரூபாய்க்கு மேல் ஒதுக்கித் திட்டம் போட்டது. இதையெல்லாம் சொன்னேன். சித்தப்பா மரியாதைக்குத் தலையை ஆட்டினார்.

அப்பத்தாதான் பேசியது. ‘ஆடுன்னா ஆடா அது? நான் இருபது உருப்படி வச்சு மேய்ச்சவ. அந்தப் பாறையில நம்ம வெள்ளாடு கால் வைக்குமா? அத்தனையும் தலையக் கவுத்து மேயுது, ஒண்ணு மட்டும் மேயாம மேட்டுல நின்னு பாத்துக்கிட்டே நிக்குது. காவலுக்கு நிக்குதுடா அது. அதப் படம் எடுத்தியா நீ?’

எடுக்கவில்லை. கேமராவில் இருந்ததெல்லாம் கிட்டே வந்து நின்ற ஆடும், அதனோடு சித்தியும்.

ராஜமலையிலிருந்து மறையூர் இறக்கத்தை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். லக்கத்தில் அருவி, வழியில் சாப்பாடு, மறையூரில் வேலி போட்டுக் காவல் காக்கும் சந்தனக் காடு, கரும்பாலையில் சூடாக வெல்லம். புவிசார் குறியீடு வாங்கிய வெல்லம் என்று கடைக்காரர் சொல்ல, அப்பத்தா ஒரு துண்டு வாயில் போட்டுப் பார்த்து ரெண்டு கிலோ வாங்கியது. பாப்பா தூங்கிவிட்டது. நான் மணியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். சின்னாறு ரோட்டை இருட்டுவதற்குள் தாண்டிவிட வேண்டும் என்பது என் கணக்கு.

அந்த ரோட்டுக்கு ஒரு தன்மை உண்டு. கோடையில் காட்டுக்குள் ஓடைகள் வற்றிவிடும். பாம்பாறும் சின்னாறும் போய்ச் சேருவது அமராவதி அணையில். அணையில் மட்டும்தான் நிச்சயமாகத் தண்ணீர் இருக்கும். காடு ஒரு பக்கம், அணை ஒரு பக்கம், நடுவில் நம் ரோடு. வெயில் தாழ்ந்ததும் யானைகள் கூட்டம் கூட்டமாக ரோட்டைக் கடந்து தண்ணீருக்கு இறங்கும், அப்புறம் திரும்பி ஏறும். அதனால் அங்கே யானை நம் வழியில் வருகிறது என்று சொல்வதே தப்பு என்று எனக்குத் தோன்றும்.

சின்னாறு செக்போஸ்ட்டில் வாட்சர் வண்டி நம்பரை எழுதிக்கொண்டே சொன்னார். ‘ஆன உண்டு கேட்டோ. பதுக்கே போயா மதி.’ யானை இருக்கு, மெதுவாகப் போனால் போதும் என்கிறார். வண்டிக்குள் ஒரே கலகலப்பு. சித்தப்பா லென்ஸ் மூடியைக் கழற்றினார்.

பாலம் தாண்டித் தமிழ்நாட்டுப் பக்கம் கொஞ்ச தூரம் வந்ததும், எதிரே வந்த அரசு பஸ் டிரைவர் முழங்கையை மூக்குக்கு நேராக வைத்துக் கையை ஆட்டிக் காட்டினார். அந்த ரோட்டில் தினம் வண்டி ஓட்டுகிறவர்கள் எல்லோருக்கும் புரிகிற சைகை அது. வேகத்தைக் குறைத்தேன். ரோட்டில் யானைச் சாணம் கிடந்தது, ஈரம் காயாமல். புங்கன் ஓடைப் பக்கம் ஒரு திருப்பத்தில், உன்னிப் புதரை ஒட்டி, பெண் யானை ஒன்று நின்றது.

அது மேயவில்லை. அதுதான் முதலில் எனக்குப் பட்டது. தனியாக நிற்கிற பெண் யானை மேயாமல் நின்றால், பின்னால் கூட்டம் இருக்கிறது என்று அர்த்தம். நல்ல தூரத்திலேயே நிறுத்திவிட்டேன்.

இந்த இடத்தில் இன்ஜினை அணைக்கலாமா கூடாதா என்பதில் டிரைவர்களுக்குள் ரெண்டு கட்சி உண்டு. அணைத்தால் யானைக்கு எரிச்சல் இருக்காது என்பது ஒரு கட்சி. நான் மற்றக் கட்சி. ஓடவிட்டு, ரிவர்ஸுக்குத் தயாராக வைத்திருப்பேன். தேவைப்படும் நேரத்தில் சாவியைத் திருகிக்கொண்டிருக்க முடியாது. அதைவிட முக்கியம், நமக்குப் பின்னால் இடம் இருக்க வேண்டும். அன்றைக்கு அந்த இடம்தான் இல்லாமல் போனது. ஒரு வெள்ளைக் கார் என் பம்பரை ஒட்டி வந்து நின்றது. கையை வெளியே நீட்டி, பின்னால் போ, பின்னால் போ என்று காட்டினேன். அவர் நான் முந்திப்போகச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டு ஹாரன் அடித்தார்.

யானையின் காது அதுவரை மெதுவாக ஆடிக்கொண்டிருந்தது. ஹாரன் கேட்டதும் நின்றுவிட்டது. காது ஆடுகிறவரை கவலை இல்லை. அது விரிந்து அப்படியே நிற்கும்போதுதான் பார்க்க வேண்டும். தும்பிக்கை நுனி மேலே எழுந்து எங்கள் பக்கம் திரும்பியது, வாடை பிடிக்கிறது. யானைக்குக் கண் பெரிசாகத் தெரியாது, எல்லாம் மூக்கும் காதும்தான்.

‘அண்ணே, கதவு திறக்க மாட்டேங்குது’ என்றார் சித்தப்பா.

‘திறக்காதுங்க’ என்றேன்.

‘ரெண்டே ரெண்டு போட்டோண்ணே. கண்ணாடி வழியா கிளார் அடிக்குது.’

நான் பதில் சொல்லவில்லை. அப்பா பின்னால் திரும்பித் தம்பியை முறைத்தார். அந்த நேரம் பார்த்து ஒரு பைக், ரெண்டு பையன்கள், வெள்ளைக் காரையும் என்னையும் தாண்டி முன்னால் போய், யானைக்கும் எங்களுக்கும் நடுவில் நிறுத்தினார்கள். பின்னால் இருந்தவன் போனைத் தூக்கினான்.

யானை ரோட்டுக்கு ஏறியது. பெரிய சத்தமாக ஒரு பிளிறல், நாலு எட்டு வேகமாக, புழுதி. வண்டிக்குள் சித்தி அலறியது நன்றாகக் கேட்டது. நான் யானையின் தும்பிக்கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். தும்பிக்கையை உள்ளே சுருட்டி, காதைப் பின்னால் ஒட்டவைத்து, சத்தமே போடாமல் வந்தால் அது நிற்காது. இது காதை விரித்துச் சத்தம் போட்டு வருகிறது, மிரட்டுகிறது, நிற்கும். அப்படித்தான் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் கியரில் இருந்த கை ஈரமாகிவிட்டது. நின்றது. பையன்கள் பைக்கைத் திருப்ப முடியாமல், காலால் தள்ளிக்கொண்டே பின்னால் வந்து எங்கள் வண்டிக்கு மறைவில் ஒதுங்கினார்கள். வெள்ளைக் காருக்கும் அப்போதுதான் விஷயம் புரிந்து, தானாகப் பின்னால் போனது. எனக்கு மூச்சு வந்தது.

அப்பத்தாதான் அந்த வண்டியில் பயப்படாத ஒரே ஆள். முன் சீட்டைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்துச் சொன்னது. ‘மடி பாருங்கடா. முன்னங்காலுக்கு நடுவுல. சொரந்து நிக்குது. பிள்ளக்காரி அவ, எங்கிட்டோ குட்டி கிடக்கு. வழிய விட்டு நில்லுங்க.’

நான் அத்தனை யானைகளைப் பார்த்தும் மடியைப் பார்த்ததில்லை. யானைக்குப் பால் மடி முன்னங்கால்களுக்கு நடுவில் இருக்கும் என்பது தெரியும், அவ்வளவுதான். ஆடு மேய்த்தவளுக்கு அது முதலில் கண்ணில் படுகிறது.

அப்புறம் கூட்டம் இறங்கியது. ஒன்றன்பின் ஒன்றாகப் பெண் யானைகள், நடுவில் கால்களுக்கு இடையில் நசுங்கிக்கொண்டு குட்டி. பாப்பா எழுந்துவிட்டது. ‘அம்மா, அது தும்பிக்கைய மிதிக்குது’ என்று சொன்னது. நிஜம்தான், சின்னக் குட்டிகளுக்குத் தும்பிக்கையை என்ன செய்வதென்று தெரியாது. ரோட்டில் நின்ற யானை அசையவே இல்லை. குட்டி அதனுடையதுதான் என்று சொல்ல முடியாது. சித்தியும் பெரியம்மாவும் சேர்ந்துதான் அங்கே பிள்ளை வளர்ப்பு. எல்லாம் மறுபக்கம் இறங்கிய பிறகு, எங்கள் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு அதுவும் இறங்கியது.

‘போலாம்ணே’ என்றார் அப்பா. பின்னால் வெள்ளைக் கார் மறுபடி ஹாரன்.

போகவில்லை. கூட்டம் கடந்துவிட்டது என்று நினைத்துக் கிளம்புகிற வண்டிகளுக்குத்தான் பெரும்பாலும் வினை. பின்தங்கி வருகிறது ஒன்று இருக்கும், தன் கூட்டத்துக்கும் தனக்கும் நடுவில் வண்டி நுழைந்தால் அதற்குப் பிடிக்காது. சும்மா இருந்தேன். அவர்கள் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். கொஞ்ச நேரத்தில் கொம்பு முளைக்கிற வயசில் ஒரு குட்டிக் கொம்பன் புதரை விட்டு ஓடி வந்து, நடு ரோட்டில் நின்று, தும்பிக்கையால் மண்ணை வாரி எங்கள் பக்கம் வீசிவிட்டு இறங்கிப் போனது. பையன் சிரித்துவிட்டான். அதற்கு அப்புறம்தான் ஹேண்ட்பிரேக்கை எடுத்தேன்.

ஒன்பதாறு செக்போஸ்ட் தாண்டி, குறிச்சிக்கோட்டை வந்து டீக்கு நிறுத்தினேன். டீக்கடை பெஞ்சில் கதை வேறு மாதிரி ஆகிக்கொண்டிருந்தது. அப்பா, யானை பானெட்டைத் தொட்டுவிட்டது என்றார். சித்தி, பதினைந்து யானை என்றது, பையன் ஒன்பது என்றான். எவ்வளவு நேரம் நின்றோம் என்று சண்டை வந்தது. அரைமணி நேரம் என்று ஒருத்தர், ஒரு மணி நேரம் என்று ஒருத்தர். பையன் போனில் வீடியோவைப் போட்டுப் பார்த்தான். நாலு நிமிஷம்கூட இல்லை. அதிலும் பாதி வண்டியின் கூரை, சித்தியின் அலறல், ‘திறக்காதுங்க’ என்று என் குரல். சித்தப்பாவின் கேமராவில் கண்ணாடியின் பளபளப்புக்கு நடுவே சாம்பல் நிறத்தில் ஏதோ. அவருக்கு என் மேல் வருத்தம்தான். பழனி வரை முகம் கொடுத்துப் பேசவில்லை.

அப்பத்தா டீயை ஆற்றிக்கொண்டே என்னிடம் கேட்டது. ‘ஏந்தம்பி, அந்த ஆடும் அப்படித்தான் நின்னுச்சு, இந்த ஆனையும் அப்படித்தான் நின்னுச்சு. கடைசிவரைக்கும் அதுக்குத் தண்ணி கிடைச்சிருக்குமா?’

‘கிடைக்கும் அப்பத்தா, அணை பக்கத்துலதான்’ என்றேன்.

இறங்கும்போது அப்பா ஐந்நூறு ரூபாய் நோட்டு ரெண்டு கொடுத்தார். ‘யானை காட்டினதுக்கு’ என்றார். நான் யானையைக் காட்டவில்லை. யானை வரும் நேரம், அது அதன் தண்ணீர்க் கணக்கு. கதவைத் திறக்காமல் வைத்ததற்கோ, பின்னால் இருந்த காரைத் தள்ளி நிற்க வைத்ததற்கோ, எல்லோரும் போகலாம் என்றபோது போகாமல் உட்கார்ந்திருந்ததற்கோ கொடுத்தார் என்றால் வாங்கிக்கொள்வதில் எனக்கு ஒரு நியாயம் இருந்திருக்கும். ஆனாலும் வாங்கிக்கொண்டேன். பிள்ளைகளுக்கு ஸ்கூல் பீஸ் கட்டும் மாதம் அது.

அந்தக் குடும்பம் ஊரில் போய்ச் சொன்னதில், மேலூர்ப் பக்கமிருந்து அடுத்தடுத்துப் போன் வந்தது. ‘யானை காட்டுற டிரைவர்தானே?’ என்றுதான் ஆரம்பிப்பார்கள். யானைக்கு நான் பொறுப்பில்லை, வரையாடு மட்டும் ஏப்ரலுக்கு அப்புறம் வந்தால் பெரும்பாலும் பார்த்துவிடலாம் என்று சொல்வேன். பாதிப் பேர் திரும்பக் கூப்பிட மாட்டார்கள். மீதிப் பேர் வந்தார்கள். சிலருக்கு யானை வந்தது, நிறையப் பேருக்கு வரவில்லை.

இப்போது என் அக்கா மகன் லைசென்ஸ் எடுத்திருக்கிறான், இதே தொழிலுக்கு வர வேண்டுமாம். சவாரி இல்லாத நாளில் கூட்டிக்கொண்டு போகிறேன். யானையைப் பற்றி இன்னும் ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை. சின்னாறு ரோட்டில் எந்தெந்தத் திருப்பத்தில் ஒதுங்க இடம் இருக்கிறது, எங்கே பின்னால் போனால் சக்கரம் ஓடையில் இறங்கும் என்று காட்டி, ரிவர்ஸ் மட்டும் எடுக்கச் சொல்கிறேன். கண்ணாடியைப் பார்த்து, கழுத்தைத் திருப்பாமல், நேராக. ‘எத்தனை தடவை மாமா?’ என்று சலித்துக்கொள்கிறான். இன்னும் அவனுக்கு வண்டி இடது பக்கம் இழுக்கிறது.